நாற்பது ஆண்டுத் தண்டனையும் ஒரு வக்கீல் சன்னதும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கப்பலோட்டிய தமிழன் என்றவுடன் நம் மனக்கண் முன்னே இரண்டு படங்கள் தோன்றும். ஒன்று, தூத்துக்குடித் துறைமுகத்தில் கொடி பறக்க நிற்கும் கப்பல். மற்றொன்று, கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுக்கும் மனிதர். இவ்விரு படங்களையும் பள்ளிப் புத்தகத்தில் பார்க்காத தமிழ்ப் பிள்ளை இல்லை எனலாம். ஆனால் கப்பலிலிருந்து செக்குக்கு அவர் எவ்வாறு வந்து சேர்ந்தார்? செக்கிலிருந்து விடுபட்ட பின் எவ்வாறு வாழ்ந்தார்? இவ்விரண்டையும் நம்மில் பலர் கேட்பதில்லை. முதல் கேள்விக்கு விடை ஒரு நீதிமன்றத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை, அந்த நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்துக்கொண்ட ஒரு காகிதத்தில் இருக்கிறது.

விஞ்ஞான மாணவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று பேராசிரியர்கள் கேட்கலாம். சட்டம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது வந்து கதவைத் தட்டும்போது தெரிந்து வைத்திருப்பது நல்லது என்பதே வ.உ.சி.யின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் சிதம்பரம் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை. தாய் பரமாயி அம்மாள். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி கூப்பிடு தூரம். தந்தையார் வக்கீல். மகனும் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. படிப்புக்குப் பின் தாலுகா அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக இருந்த சிதம்பரம், பின்னர்த் திருச்சி சென்று சட்டம் பயின்று, பிளீடர் தேர்வில் வெற்றி பெற்று, 1895-ஆம் ஆண்டளவில் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் கீழ்க் கோர்ட்டில் வாதாட வேண்டுமானால் சன்னது வேண்டும். சன்னது என்பது வக்கீல் தொழில் செய்ய அரசு அளிக்கும் அனுமதிப் பத்திரம். முத்திரையிட்ட ஒரே ஒரு தாள். அதுவே ஒரு குடும்பத்துக்குச் சோறு. அதுவே ஊரில் மதிப்பு. இந்தச் சொல்லை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் மீண்டும் வரும்.

சிதம்பரம் பிள்ளை கிரிமினல் வழக்குகளில் பெயர் பெற்றார். போலீசார் பொய்யாகத் தொடுத்த வழக்குகளை உடைத்தெறிந்தார். ஏழைகளிடம் பணம் வாங்காமல் வாதாடினார். மகன் போலீசாரின் பகையைத் தேடிக்கொள்வதைக் கண்டு தந்தையார் அஞ்சினார். 1900-ஆம் ஆண்டில் தொழில் தூத்துக்குடிக்கு மாறிற்று. அக்காலத்தில் மேல்சாதி வீடுகளில் திண்ணையைத் தாண்ட விடப்படாத குலத்தில் பிறந்த, கண் பார்வையற்ற துறவி இராமையா தேசிகரைத் தம் வீட்டில் வைத்து உணவளித்தார். ஊரார் பழித்தனர். அவரோ, அவருடைய முதல் மனைவி வள்ளியம்மையோ அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த அம்மையார் இளமையிலேயே மறைந்தார். பின்னர் மீனாட்சி அம்மாளை மணந்தார். இந்த அம்மையாரின் பெயரையும் நினைவில் வைக்க வேண்டும். சிறைக்கு வெளியே இருந்துகொண்டு தண்டனையை அனுபவித்தவர் அவர்.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிற்று. மற்ற ஊர்களில் அன்னியத் துணியைக் கொளுத்தினார்கள். தூத்துக்குடியில் வ.உ.சி. கடலைப் பார்த்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிச் செல்வது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் தனியுரிமையாய் இருந்தது. வணிகம் செய்ய வந்தவனே ஆள ஆரம்பித்தான். ஆகவே வணிகத்தில் அவனை வென்றால் ஆட்சி தானே ஆட்டம் காணும் என்று அவர் கணக்கிட்டார்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி முறைப்படி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். வாடகைக்கு எடுத்த கப்பல்களை வெள்ளைக் கம்பெனி மிரட்டித் திரும்பப் பெறச் செய்தபோது, வ.உ.சி. பம்பாய்க்கே சென்று சொந்தக் கப்பலுக்கு வழி செய்தார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் பிறந்த நமக்குப் பங்கு என்ற சொல் புதிதல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப் பணம் கட்டி, பாவும் ஊடும் வாங்கி, சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி வாங்கி வரும் குடும்பங்கள் நம்முடையவை. தனித் தறிக்காரனை முதலாளி மடக்கிவிடலாம். ஆயிரம் தறிக்காரர் சேர்ந்த சங்கத்தை மடக்குவது அவ்வளவு எளிதன்று. வ.உ.சி.யும் இதை அறிந்திருந்தார். கப்பலுக்கு முன்பே அவர் தூத்துக்குடியில் தொடங்கியவற்றுள் தரும சங்க நெசவுச் சாலையும் ஒன்று. காஞ்சி மாணவர்கள் அவரை நினைக்க அந்த ஒன்றே போதும்.

வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் இலவசமாக ஏற்றிச் சென்று, கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பர். சுங்கம், துறைமுகம், ரயில் ஆகிய அனைத்திலும் அரசாங்கம் யார் பக்கம் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சுதேசிக் கப்பல் ஓடிற்று.

1908-ஆம் ஆண்டின் பதினைந்து நாட்கள்

கப்பல் மட்டும் ஓடியிருந்தால் அரசாங்கம் இன்னும் சில காலம் பொறுத்திருக்கலாம். வத்தலக்குண்டைச் சேர்ந்த சுப்பிரமணிய சிவா 1908-இன் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்தார். வ.உ.சி. அவரைத் தம் வீட்டில் தங்கவைத்தார். இருவரும் கடற்கரையில் பேசினார்கள். கூட்டம் நாளுக்கு நாள் பெருகிற்று.

பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறை இல்லை. வ.உ.சி. அவர்களுடைய அடுப்பெரிய ஊரெல்லாம் சென்று பணமும் அரிசியும் திரட்டினார். ஆலை முதலாளிகள் மார்ச் முதல் வாரத்தில் இறங்கி வந்தனர். கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் முதல் வெற்றிகளுள் இதுவும் ஒன்று.

மார்ச் 9-ஆம் நாள் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலை பெற்றார். தடையை மீறி நெல்லைச் சீமையில் விழாக் கொண்டாடப்பட்டது. கலெக்டர் விஞ்ச் பொறுக்கவில்லை. மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதாயினர்.

மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினர், கடைகள் மூடப்பட்டன. நகராட்சி அலுவலகம், போலீஸ் நிலையம், அஞ்சலகம் தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்குக்குத் தீ வைக்கப்பட்டது. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். பின்னர் ஊர் மக்கள் மீதே தண்டப் போலீஸ் வரி விதிக்கப்பட்டது. நம் வயதினர் பலர் அன்று வீதியில் நின்றனர் என்பதைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கிறது. அதே நேரத்தில், அன்று உயிரிழந்த நால்வரின் வீடுகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

சொல் குற்றமா, செயல் குற்றமா?

இங்கே சட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்ற பிரிவு 1870-இல் சேர்க்கப்பட்டது. 1897-இல் திலகர் மீது வழக்குத் தொடர்ந்த பிறகு, 1898-இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. சட்டப்படி அமைந்த அரசின் மேல் பேச்சாலோ எழுத்தாலோ வெறுப்பை உண்டாக்கினால் அது குற்றம். தமிழில் இராஜத் துரோகம் என்றார்கள். உச்சத் தண்டனை ஆயுள் முழுதும் தீவாந்தரம். கத்தி எடுக்க வேண்டியதில்லை. கலகம் நடக்க வேண்டியதுமில்லை. வெறுப்பு உண்டாகும்படி பேசியதே போதும்.

இதை மற்றொரு நாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், 1807-இல், அமெரிக்காவின் முன்னாள் துணை ஜனாதிபதி ஏரன் பர் மீது தேசத் துரோக வழக்கு நடந்தது. மேற்குப் பகுதியில் ஆட்களைத் திரட்டி நாட்டைப் பிளக்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் தண்டிக்கப்பட வேண்டும் என்று ஜனாதிபதி ஜெபர்சனே விரும்பினார். ஆனால் அந்நாட்டு அரசியல் சட்டம், துரோகம் என்பதற்கு மிகக் குறுகிய வரம்பு கட்டியிருந்தது. நாட்டின் மீது போர் தொடுக்க வேண்டும், அல்லது பகைவனுக்கு உதவ வேண்டும். அப்படி ஒரு வெளிப்படையான செயல் நடந்ததை இரண்டு சாட்சிகள் நேரில் கண்டு சொல்ல வேண்டும். ரிச்மண்ட் நகரில் வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இந்த வரம்பைவிட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. ஜூரிகள் பர்ரை விடுவித்தனர்.

ஏரன் பர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு. துரோகம் என்ற பெருங்குற்றத்தை ஆளுவோர் தம் விருப்பப்படி நீட்டிக்கொள்ள முடியாதபடி அங்கே வேலி இருந்தது. இங்கே வேலி இல்லை. அங்கே ஆட்சியாளர் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இங்கே மக்கள் ஆட்சியாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். வேறுபாடு அவ்வளவே.

பின்ஹேயின் தீர்ப்பு

நெல்லையில் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ.எப். பின்ஹே வழக்கை விசாரித்தார். வ.உ.சி. மீது இரண்டு குற்றச்சாட்டுகள். தாமே இராஜத் துரோகமாகப் பேசினார் என்பது ஒன்று. அவ்வாறு பேசிய சிவாவுக்கு இடமும் உணவும் தந்து உடந்தையாய் இருந்தார் என்பது மற்றொன்று. கூட்டத்தில் போலீசார் எடுத்த குறிப்புகளே முக்கியச் சான்று. பொய் வழக்குகளை உடைத்துப் பெயர் பெற்ற வக்கீல், இப்போது குற்றவாளிக் கூண்டில் நின்று அதே போலீசாரின் சாட்சியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். விதியின் விளையாட்டு என்பது இதுதானோ!

1908-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தரம். வ.உ.சி.க்கு முதல் குற்றத்துக்கு ஓர் ஆயுள் தண்டனை. இரண்டாம் குற்றத்துக்கு மற்றோர் ஆயுள் தண்டனை. ஓர் ஆயுளுக்கு இருபது ஆண்டு என்று கணக்கிட்டு மக்கள் நாற்பது ஆண்டு என்றனர். அப்போது அவருக்கு வயது 35.

பேசியவருக்குப் பத்தாண்டு, அவருக்குச் சோறு போட்டதற்கு ஆயுள். இந்தக் கணக்கு எந்தக் கணக்கு என்று எந்தக் கணக்கு மாணவனாலும் சொல்ல முடியாது. உண்மையில் பேச்சுக்காக மட்டும் விதிக்கப்பட்ட தண்டனையன்று அது. கப்பலுக்காக, கோரல் ஆலைக்காக, கடற்கரையில் கூடிய கூட்டத்துக்காக விதிக்கப்பட்டது.

செய்தி கேட்டு அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அவர் பிறகு தெளியவே இல்லை. எந்தத் தீர்ப்பிலும் அந்தத் தண்டனை எழுதப்படவில்லை.

தண்டனையின் கொடுமை லண்டனுக்கே எட்டிற்று. இந்தியா மந்திரியாயிருந்த ஜான் மார்லி, இத்தண்டனைகளை நியாயப்படுத்த முடியாது என்ற கருத்தில் வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதினார். ஆனால் எழுதியதோடு சரி. அதே ஜூலை மாதத்தில் பம்பாயில் திலகருக்கும் இதே பிரிவின்படி ஆறாண்டு விதிக்கப்பட்டு அவர் மாந்தலைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்பட்டது. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும் விசாரித்து 1908 நவம்பர் 4-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். குற்றம் நிலைத்தது, தண்டனை குறைந்தது. இராஜத் துரோகத்துக்கு ஆறாண்டு; உடந்தைக்கு நாலாண்டு; இரண்டையும் ஒருசேர அனுபவிக்க வேண்டும். சிவாவுக்கும் ஆறாண்டு ஆயிற்று. அதற்கு மேலும் லண்டன் வரை முயற்சிகள் நடந்தன. முடிவில் அந்தமானுக்கு அனுப்பப்படாமல் நம் நாட்டுச் சிறைகளிலேயே அவர் தண்டனையைக் கழித்தார்.

நாற்பது ஆறாகக் குறைந்தது குறித்து மகிழ்வதா? ஒரே சட்டம், ஒரே பேச்சு, ஒரே சாட்சியம். நான்கு மாத இடைவெளியில் ஒரு நீதிபதிக்கு இரண்டு ஆயுளாகத் தெரிந்தது, வேறு இருவருக்கு ஆறாண்டாகத் தெரிந்தது. வரையறை இல்லாத சட்டத்தின் இயல்பு அதுவே. அளவுகோலே நீண்டு சுருங்கினால் அளந்து என்ன பயன்?

செக்கும் ஏடும்

1908 ஜூலை 9 முதல் 1910 டிசம்பர் முதல் நாள் வரை கோவைச் சிறை. அதன் பின் கண்ணனூர்ச் சிறை. முதலில் சணல் கிழிக்கும் இயந்திரம் சுற்றவைத்தனர்; கைத்தோல் உரிந்தது. பின்னர் எண்ணெய்ச் செக்கு. கோவையில் அவர் இழுத்த செக்கு பின்னாளில் சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் நினைவுச் சின்னமாய் வைக்கப்பட்டது.

ஆனால் செக்கை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பினால் அவரைப் பாதி பார்த்தவர்களாவோம். பகலில் செக்கிழுத்த கை இரவில் எழுதிற்று. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். திருக்குறளையும் தொல்காப்பியத்தையும் ஆழ்ந்து படித்தார். அறநெறி கூறும் ‘மெய்யறம்’ பிறந்ததும் சிறையில்தான். நூலகமும் மின்விளக்கும் இருந்தும் படிக்க நேரமில்லை என்று கூறும் நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி இது.

அவர் உள்ளே இருந்தபோது வெளியே எல்லாம் சிதறிற்று. தலைவன் இல்லாத கம்பெனி தள்ளாடிற்று. பங்குதாரர்கள் அஞ்சினர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினாரோ, அதே வெள்ளைக் கம்பெனிக்கு ‘காலியா’ கப்பல் விற்கப்பட்டது. சிறையில் இச்செய்தி அவரைச் செக்கைவிட அதிகமாய் வருத்தியிருக்கும்.

மணியாச்சிக்குப் பின்

1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் நெல்லைக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டார். 1908-இல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராய் இருந்து சுதேசிகளை ஒடுக்கியவர் ஆஷ் என்பதால், நெல்லை வழக்கின் நிழல் மணியாச்சி வரை நீண்டது என்று சொல்லலாம்.

இதன் தொடர்ச்சியாக நடந்ததுதான் ஆஷ் கொலைச் சதி வழக்கு. இம்முறை குற்றச்சாட்டு வெறும் பேச்சன்று; மன்னர் மீது போர் தொடுக்கச் சதி. நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் சென்னை உயர்நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வின் முன் நிறுத்தப்பட்டனர். அதே தலைமை நீதிபதி ஒயிட், நீதிபதி அய்லிங், நீதிபதி சங்கரன் நாயர் மூவரும் விசாரித்தனர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். நீலகண்டருக்கு ஏழாண்டு.

இரண்டு தண்டனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடற்கரையில் பேசியவருக்கு நெல்லையில் இரண்டு ஆயுள். மன்னர் மீது போர்ச்சதி செய்த குழுவின் தலைவர் என்று கருதப்பட்டவருக்குச் சென்னையில் ஏழாண்டு. கோபம் தணியாத நேரத்தில், கலகம் நடந்த ஊரிலேயே எழுதப்படும் தீர்ப்பு எத்தகையதாய் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வெளியே காத்திருந்த தண்டனை

1912 டிசம்பர் 24-ஆம் நாள் வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். அவருக்காக நெல்லையே எரிந்தது ஒரு காலம். இப்போது மாலையுடன் காத்திருக்கப் பெருங்கூட்டம் இல்லை. நாடு அடங்கிப் போயிருந்தது. சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி வெளியே வந்திருந்தார்.

அப்போதுதான் உண்மையான தண்டனை தொடங்கிற்று. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே. சொத்துக்கள் வழக்கிலும் கம்பெனியிலும் கரைந்துவிட்டன. மனைவி, மக்கள், சித்தம் கலங்கிய தம்பி ஆகியோர் அவரையே நம்பியிருந்தனர். சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப முடியாமல் சென்னையில் குடியேறினார். மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறினார். மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். கப்பல் கம்பெனி நடத்தியவர் கடைத்தெருவில் மண்ணெண்ணெய் அளந்தார்! அந்த வறுமையிலும் ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’, மணக்குடவர் உரையுடன் திருக்குறள் ஆகியவற்றைப் பதிப்பித்தார். தொழிலாளர் சங்கங்களுக்கு உழைத்தார்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் குடும்பத்துக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. 1915 முதல் பல மாதங்கள் இருவருக்கும் இடையே கடிதங்கள் சென்று வந்தன. 1916-இல் பணம் கையில் கிடைத்தது. அந்தக் கடிதங்கள் இப்போது நூலாகவே வெளிவந்துள்ளன. ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுத்தவர், தமக்கு வர வேண்டிய முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்காக மீண்டும் மீண்டும் எழுத நேர்ந்தது. அதிலும் அவர் தம் தேவையை மறைக்கவில்லை. தம் மானத்தையும் விடவில்லை.

ஏரன் பர் விடுதலைக்குப் பின் ஐரோப்பா சென்று, 1812-இல் நியூயார்க் திரும்பி மீண்டும் வக்கீல் தொழில் செய்தார். அவரிடம் சன்னது இருந்தது. 1912-இல் வெளிவந்த நம்மவரிடம் அது இல்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். முத்திரையிட்ட ஒரு சான்றிதழ் வீட்டுக்கு வரும் என்று தறியில் உட்கார்ந்தபடியே என் தந்தையார் காத்திருக்கிறார். ஒரு தாளுக்கு எவ்வளவு எடை உண்டு என்பது அத்தகைய வீடுகளுக்குத் தெரியும். ஆகவேதான் செக்கைப் பற்றிப் படித்தபோது வந்த கண்ணீரைவிட, சன்னதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதிகம் வந்தது. கைதியின் செக்கு விடுதலையோடு நின்றுவிடும். சன்னது இல்லாதவனின் செக்கு நிற்பதில்லை.

சன்னது திரும்பியது

அந்தச் சன்னது பின்னாளில் திரும்பக் கிடைத்தது. கிடைக்க உதவியவர் ஓர் ஆங்கிலேயர் என்பதுதான் வியப்பு. வாலஸ் என்ற அந்த அதிகாரி, வழக்கு நடந்த காலத்தில் நெல்லையில் பணிபுரிந்து வ.உ.சி.யை அறிந்தவர். பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். அவருடைய முயற்சியால் 1920-களில் வ.உ.சி. மீண்டும் கறுப்பு அங்கி அணிந்தார். கோவில்பட்டியில் தொழில் நடத்தி, பிறகு தூத்துக்குடிக்குத் திரும்பினார். நன்றியாகத் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

இதைச் சிலர் குறையாகக் கருதலாம். எந்த இனத்தை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அந்த இனத்தவர் பெயரை மகனுக்கு வைக்கலாமா என்று கேட்கலாம். அவர் எதிர்த்தது ஆட்சியை, மனிதரையன்று. தவறிய நீதியைப் பின்னாளில் ஒரு முழமாவது திருத்தியவரை அவர் மறக்க விரும்பவில்லை. நன்றி மறவாமையைக் குறளில் படித்து உரை கண்டவர் வாழ்விலும் அதைக் கடைப்பிடித்தார் என்பதே பொருத்தம்.

1936 நவம்பர் 18-ஆம் நாள் அவர் தூத்துக்குடியில் காலமானார். கடைசி நாட்களில் தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லச் சொன்னார். உயிர் அங்கேயே பிரிந்தது. தாம் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்ற விவரத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார். நாடு அவருக்குப் பட்ட கடனை எவரும் எழுதி வைக்கவில்லை.

சட்டத்தின் பிற்காலம்

அவர் மறைந்த பின் 1961-இல் திரைப்படம் வந்தது. 1972-இல் நூற்றாண்டு அஞ்சல் தலை வந்தது. 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவரைத் தண்டித்த 124-ஏ பிரிவு சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு மட்டுமே இப்பிரிவு பொருந்தும் என்று வரம்பு கட்டியது. மார்ஷல் 1807-இல் காத்த வேலிக்கு ஒப்பான ஒன்று நமக்கு அப்போதுதான் கிடைத்தது. 2022 மே 11-ஆம் நாள் அப்பிரிவின் செயல்பாட்டையே உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் முழுவதும் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய பெயர் அதில் இல்லை. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு செய்வதைத் தண்டிக்கும் 152-ஆம் பிரிவு அதில் இருக்கிறது. இந்த வேலி போதுமான உயரமா என்று சட்ட அறிஞர்கள் வாதிட்டு வருகின்றனர். அவ்வாதத்தைக் கவனிக்க வேண்டியது நம் கடமை. ஏனெனில் சுதந்திர நாட்டில் வேலியைக் காக்க வேண்டியவர்கள் நாமே.

நண்பர்களே! அடுத்த முறை வ.உ.சி.யின் படத்தைப் பார்க்கும்போது, கப்பலுக்கும் செக்குக்கும் பக்கத்தில் மூன்றாவது படம் ஒன்றையும் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். பெரம்பூர்த் தெருவில் ஒரு கடை. கையில் மண்ணெண்ணெய் அளவை. பெட்டியில் எழுதிக்கொண்டிருக்கும் திருக்குறள் உரை. சன்னது இல்லை, கூட்டம் இல்லை, மாலை இல்லை. ஆயினும் தலை குனியவில்லை. நாற்பது ஆண்டு என்று எழுதிய பின்ஹேயின் பேனாவால் வளைக்க முடியாமற்போனது அந்தத் தலை ஒன்றுதான்.